சூடு

பகல் இரண்டு மணிக்கு
அது கண்ணை மூடிக்கொள்ளும்.
தராசில் ஏறி நிற்கும் லொறியில் ஆறு தொன் நெல்,
எனது திரையில் ஒன்றுமில்லை.
வளத்தாப்பிட்டிச் சாரதி ஹோன் அடிக்கிறான்.
அவனுக்குப் பின்னால் பதினொரு லொறி.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்:
"ஏசி ஒண்டு பூட்டுவமா, ஹஸ்மியா?"
வேண்டாம் என்று நான் சொல்வதற்காகவே
கேட்ட கேள்வி.

நாலு திருகாணி கழற்றினேன்.
பேரேட்டுப் புத்தகத் தடிப்பில் ஒரு பெட்டி.
உள்ளே, விசிறி இறகுகளில்
தவிடு, பூனை மயிர் போல மெத்தென்று.
சம்மாந்துறையின் மூன்று போகம்
ஒரு சின்ன அலுமினியச் சீப்பில் சிக்கிக் கிடந்தது.
துடைத்தேன். போதவில்லை.
மறுநாள் தொண்ணூற்றெட்டுப் பாகையில் மறுபடி விழுந்தது.
கச்சான் வீசுகிற மாதம்,
அறையே முப்பத்தேழு.
எதைக் கொண்டு எதை ஆற்றுவது?

இப்போது வேளாண்மையை மெஷின் வெட்டுது,
வயலில் சூடு வைப்பாரில்லை.
அந்தச் சொல்லும் வேலை தேடி
இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது போல.

பக்கத்து லேத்துப் பட்டறையில்
வேர்னியர் இரவல் வாங்கி அளந்தேன்,
புறோசசரின் தலையிலிருந்து மூடி வரை:
ஐம்பத்து நாலு மில்லிமீற்றர்.
இன்னொரு தரம்.
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அப்போதும் ஐம்பத்து நாலு.

கல்முனைக் கடையில் றுஸ்தி எடுத்து வைத்தது அறுபத்தைந்து.
செப்புக் குழாய்கள் வளைந்து வளைந்து, அழகுதான்.
"மூடியில ஒரு ஓட்டை வெட்டுங்க ராத்தா."
ஓட்டை வெட்டினால் காற்று வரும்,
காற்றோடு ஆலை முழுக்க வரும்.

மற்றது முப்பது, பிஸ்கட் போல.
போட்டுக் காட்டினான்: ஒரு குளவிக் கூடு.
நான் எடை வாசிக்கும்போது
நெல்லுக்காரருக்கு எண் கேட்க வேண்டும்.
கேட்காத எண்ணில்தான் இங்கே சண்டை பிறக்கும்.

நாற்பத்தேழு என்று ஒன்று
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
ஒன்பதாயிரத்து எண்ணூறு.
முதலாளி பில்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
கீழ்நோக்கி ஊதுகிற சாதி அது;
புறோசசருக்குக் கொடுத்த மீதியில்
அண்டையில் இருக்கும் மெமரிக்கும் ஒரு வாய் காற்று.

"இன்னும் ஏழு மில்லிமீற்றர் சும்மா கிடக்கே.
காசுக்குத் தக்கதாப் பெரிசு பாத்திருக்கலாமே?"

சும்மா இல்லை.
சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு
யார் மூச்சு விடுவது?
நான் வாங்கியதே அந்த ஏழைத்தான்,
நாற்பத்தேழு கூட வந்தது.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
"அளவு அப்படித்தான் சேர்" என்றேன்.

பயறளவு பசை.
திருகுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாய்.
மூடியின் துளைகளுக்கு
கிழிந்த நுளம்பு வலையில் ஒரு துண்டு.

இன்று இரண்டு மணி. எழுபத்தொன்று.
கச்சான் யன்னலைப் போட்டு அடிக்கிறது.
வளத்தாப்பிட்டி லொறி தராசில்.
"நெல்லு ஆறாயிரத்து நூற்று நாற்பது கிலோ" என்று வாசித்தேன்.
"குறையுதே" என்றான் சாரதி.
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
பார்த்தான், பிறகு தராசைப் பார்த்தான்,
பிறகும் குறையுது என்றான்.

சனிக்கிழமை வலையைக் கழற்றி உதற வேண்டும்.
கலண்டரில் எழுதியிருக்கிறேன்.