இரண்டு லிட்டர் கூடுதலாய்

சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான்
முள் படுக்கும்.
பிராண்டனில், விக்டோரியா அவெனியூ
பதினெட்டாம் வீதியை வெட்டும் இடம்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது,
உள்ளே எண்ணெய் அழுத்தம் எட்டு.
மிதித்தால் எழும்பும்
விட்டால் விழும்,
சம்பளக் கிழமையும் மற்றக் கிழமையும் போல.

கராஜ்காரன் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை.
இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுச் சில்வராடோ,
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
'பேரிங் போயிருக்கும். வேறு எஞ்சின்தான்.'
ஆறாயிரத்து நானூறு டொலர், வரி தனி.
பரஞ்சோதி வீட்டுக்கு வந்து
வங்கிக் கணக்கைத் திறந்தார்
மூடினார்
கை கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தார்.

செத்தது என்று சொல்ல முதல்
நாடி பிடித்துப் பார்த்தானா
என்று கேட்டேன்.
பதில் இல்லை.
பக்கத்துத் தெரு ஒர்வில் பென்னரின் கொட்டகையில்
ஹீட்டர் இருந்தது, எங்களுக்கு இடமும் இருந்தது.

முதலில் அளவுக்கம்பி.
துடைத்து, விட்டு, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்தேன்.
கோட்டில் நிற்கிறது எண்ணெய்,
பெட்ரோல் மணம் இல்லை.
அடுத்து, முள்ளின் வாக்குமூலம்.
முள்ளுக்குச் சொல்வது சென்சர்
சென்சருக்குச் சாட்சி முள்
வேலிக்கு ஓணான்.
கழற்றினேன் சென்சரை,
இன்டேக்கின் முதுகுக்குப் பின்னால்,
கை போகும் கண் போகாத இடத்தில்.
அதன் அடியில் நகத்தளவு வலை ஒன்று.
அடைபட்டிருக்கவேண்டும் என்று
முருகனைக் கேட்டுக்கொண்டே எடுத்தேன்.
சுத்தம்.
ஒர்வில் கடன் தந்த பித்தளை மீட்டரைப் பூட்டி
எஞ்சின் சூடாகும்வரை நின்றோம்.
எட்டு.
ஓணான் உண்மைதான் சொல்லியிருக்கிறது.

'போதும் நகுலா' என்றார் இவர்.
ஃபில்டரைத் தகரக் கத்தரியால் அறுத்தேன்.
உள்ளே சேலைக் கொசுவம் மாதிரி மடிப்புகள்,
ஒவ்வொன்றாய் விரித்து டோர்ச் அடித்தேன்.
பேரிங் தேய்ந்திருந்தால்
மீன்செதில் போல மினுங்கவேண்டும்.
கறுப்பு.
திரும்பவும் கறுப்பு.
தங்கம் தேடியவள் கிடைக்காமல் துள்ளியதை
அன்றுதான் ஒர்வில் பார்த்திருப்பார்.

காதை வைத்துக் கேட்டால்
மேலே டிக் டிக், அடியில் மௌனம்.
அடியில் இடி இல்லையென்றால்
பம்ப் எதையோ இழுக்கிறது, எண்ணெயை மட்டும் அல்ல.
கீறிய குழலால் ஐஸ்கோப்பி உறிஞ்சியவருக்குத் தெரியும்,
கோப்பை நிறைய இருந்தும்
வாய்க்கு வருவது பாதி காற்று.

அதனால் இரண்டு லிட்டர் கூட ஊற்றினேன்.
தவறுதான், கோட்டுக்கு மேலேதான்,
ஐந்து நிமிடத்துக்கு மட்டும்,
கீறல் எங்கிருந்தாலும் மூழ்கட்டும் என்று.
பரஞ்சோதி சாவியைத் திருப்பினார்.
முள் கொஞ்சம் யோசித்தது.
பிறகு முப்பத்தெட்டு.
அவர் சாவியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மூழ்கினால் சரி என்றால்
ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது.
சனி இரவு தொடங்கி
டிஃபரன்ஷியலைத் தாழ்த்தி, எண்ணெய்த் தொட்டியை இறக்கி,
அட்டைப்பெட்டி விரித்து மல்லாந்து கிடந்து,
கண்ணில் ஒரு சொட்டு,
தமிழில் எனக்குத் தெரியும் என்று
அவருக்குத் தெரியாத சில சொற்கள்.
உறிஞ்சு குழாயின் கழுத்தில் அது இருந்தது,
ஒரு ஓ-ரிங்.
சப்பையாகி, பழைய பிளாஸ்டிக் வளையலாய் இறுகி.
வளைத்தேன், முறிந்தது.
புதியது மூன்று டொலர் நாற்பது சதம்.
கடையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று இருந்தன,
தடிப்பு மாறினால் பிழை என்பதால்
குழாயையே கையோடு கொண்டுபோனேன்.

கராஜ்காரனிடம் போய்ச் சொல்லவில்லை.
அந்த வழியால் போகும்போது
வேகத்தைக் குறைத்தது உண்மை.

இப்போது நாற்பதில் நிற்கிறது.
காலை ஆறரை, முதல் நோயாளி வீட்டுக்குப் போகிறேன்,
விக்டோரியாவில் சிவப்பு.
முன்னால் பள்ளிக்கூட பஸ், ஜன்னலில் யாரோ கையசைக்கிறது.
பச்சை விழுந்தும்
நான் இன்னும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பின்னாலிருப்பவன் ஹோர்ன் அடிக்கிறான்.