ஏணி உயரத்தில் மாயவரம்

பட்டமங்கலத் தெருவில் நடப்பவர்களுக்கு
ஊர் ஒன்பதடியோடு முடிந்துவிடும்.
அதற்கு மேல் நாங்கள் மாட்டிய போர்டுகள்:
நகைக்கடை, மூக்குக்கண்ணாடி,
பால்பவுடருக்காகச் சிரிக்கிற
யாரோ வடக்கத்திக் குழந்தை.
அதற்கும் மேலே இருப்பது
எனக்கும் புறாக்களுக்கும்.

கல் கிடைக்காத ஊர் இது.
மலை பார்க்கவே பஸ் ஏற வேண்டும்.
ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலை அறுத்துச் சுட்டு
கிளிஞ்சலை நீற்றி அரைத்துப் பூசி
எழுப்பியிருக்கிறார்கள் இத்தனையையும்.
துளை போடும்போது முதலில் வெள்ளை உதிரும்,
அப்புறம் சிவப்பு.
ஒருமுறை அந்த வெள்ளையில்
வேகாத கிளிஞ்சல் ஒன்று முழுசாக வந்து விழுந்தது.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
துவைத்ததில் போய்விட்டது.

பழைய ஜவுளிக்கடைக்கு மாடி உண்டு,
மாடிக்கு வழி கிடையாது.
படிக்கட்டு இருந்த இடத்தில் கரும்புச்சாறு பிழிகிறார்கள்.
அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாம்,
படி ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு.
ஏணியில் பதினேழாம் படிக்கு ஏறினால்
ஜன்னல் வழியே தெரியும்
வாய் பிளந்த கணக்குப்பெட்டி,
கவிழ்ந்து கிடக்கும் தேக்கு நாற்காலி,
ஏப்ரலோடு நின்றுபோன காலண்டர்.
எந்த வருஷத்து ஏப்ரல் என்று பார்க்க முடியவில்லை.
புறா மறைத்துக்கொண்டிருந்தது.

எதிர்வாடையில் இரண்டு சுதைச் சிங்கங்கள்.
ஒன்றுக்குத் தலை இருந்த இடத்தில் அரசங்கன்று.
நடுவே பெரிதாக ௧௯௨௬.
ககூஉசு என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
இதையா ஒருத்தன் வீட்டு முகப்பில் எழுதுவான் என்று
ஏணி ஆடச் சிரித்திருக்கிறேன்.
அது எழுத்தில்லை, எண் என்று
செபஸ்தியான்தான் போனில் தேடிச் சொன்னான்.
அதற்குப் பிறகும்
அந்தப் பக்கம் போனால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

இன்றைக்கு லத்தீப் பாய் செல்போன் கடைக்குப் புது போர்டு.
பழைய சட்டத்தைக் கழற்றி இறக்கினோம்.
பின்னால் ஒருத்தி நின்றிருந்தாள்.
சுதைப் பெண். முழங்கை உயரம்.
கையில் கூண்டு விளக்கு.
ரவிக்கையில் நீலம் இன்னும் விடவில்லை.
இடது கண் இருக்கவேண்டிய இடத்தில்
போல்ட்.
போல்ட்டுக்கு அடியில்
சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட வளையம்.
இந்த ஊரில் வாஷருக்குப் பதில் அதைப் போடுகிறவன்
நான் ஒருத்தன்தான்.

பதினோரு வருஷம் இருக்கும்.
அப்போதெல்லாம் ராத்திரி வேலை,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு துளை போடுவேன்.
கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம்.
கையில் ஏதோ புடைப்பாகத் தட்டுப்பட்டது.
புடைப்பில்தான் பிடிமானம் நிற்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டது
ஞாபகம் இருக்கிறது.

"அதே ஓட்டைதானேண்ணே?"
கீழே ஏணியைப் பிடித்தபடி செபஸ்தியான்.
"இல்ல. நாலு விரக்கடை தள்ளி.
நீளப் போல்ட்டா எடு."

போல்ட்டை உருவிய குழியில் விரலை விட்டுப் பார்த்தேன்.
ஏன் என்று தெரியாது.
உள்ளே சில்லென்றிருந்தது.

புது இடத்தில் செங்கல் அடம் பிடித்தது.
இரண்டு பிட் முறிந்தது, என் கணக்கில்.
போர்டு ஏறியதும் அவள் மறுபடி பின்னால் போய்விட்டாள்.
முகத்துக்கும் தகரத்துக்கும் நடுவில்
இப்போது ஒரு சாண்.

லத்தீப் பாய் நடுத்தெருவில் நின்று,
ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க அடிக்க,
தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்:
"இடப்பக்கம் இறங்கியிருக்குப்பா!"

ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி அவர் பக்கம்தான் பேசியது.

"போர்டு நேராத்தான் இருக்கு பாய்,
கட்டடம்தான் சாஞ்சிருக்கு."