துளை எண் பதினேழு

எறிய வேண்டிய மண்ணைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.
பரிசோதனை முடிந்து, அறிக்கை போய்,
மெழுகடைத்த குழாய்க்குள் மிஞ்சியது.
துளை எண் பதினேழு, ஆழம் பதினொரு மீட்டர்,
ஒட்டாவாவுக்குக் கிழக்கே ஆற்றங்கரைச் சோளக்காடு.
நிறம்: நீலச் சாம்பல். மணம்: இல்லை என்று எழுதியிருந்தேன்.
வதனரூபி முகர்ந்து பார்த்து
"கடல்" என்றாள்.

கடல்தான். பத்தாயிரம் வருடத்துக்கு முந்தியது.
பனி விலகிய பள்ளத்துக்குள் வந்து
திமிங்கிலங்களோடு கொஞ்சக்காலம் இருந்துவிட்டுப் போனது.
பிறகு மழை. மழைக்குமேல் மழை
உப்பை மணிமணியாய்க் கழுவிக்கொண்டு போக
மண் மட்டும் பழைய நிற்பிலேயே நிற்கிறது,
பழக்கத்தில்.
ஒருநாள் ஒரு வயல் கூழாகி
ஆற்றுக்குள் நடந்து போனது.
அதற்கு முன்பே பயந்து ஓர் ஊரைப் பிரித்துவிட்டார்கள்;
மயானத்தை மட்டும் அசைக்கவில்லை.

"அந்த ஆற்றுக்கு முதல் இருந்த ஆக்கள் என்ன பேர் வைச்சவை?"
என் படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

சக்கரத்தில் நிற்காது என்று எச்சரித்தேன்.
அவள் ஒரு கட்டியை வெட்டி மேசையில் வைத்து
அதன்மேல் தையல் மெசினைத் தூக்கி வைத்தாள்.
தாங்கியது.
அதே கட்டியைக் கிண்ணத்தில் போட்டு
கரண்டியால் கிண்டினாள், நாலே நாலு சுற்று.
தோசை மாவு.

தன் வீட்டு நிலவறைச் சுவரில்
கூரைமட்டும் ஏறிய வெடிப்பை
சாந்தில் அச்செடுத்து வைத்திருந்தாள்.
(வீடு வாங்கிய வருடம் அது மயிரளவு.
இப்போது விரல் போகும்.)
அதற்குள் ஊற்றினாள். வழிந்தது.
மறுபடி ஊற்றினாள். வழிந்தது.
கதவோரத் தகரத்தில் கைவிட்டு
ஒரு பிடி உப்பு அள்ளினாள்.

"ஆனையிறவோ?"
எனக்கு அப்படித்தான் கேட்க வந்தது.
சிரித்துவிட்டாள்.
"படியிலை ஐஸுக்குப் போடுறது. இருபது கிலோ பை,
மலிவு விற்பனையிலை."

கிண்டக் கிண்ட இறுகியது மாவு.
கரண்டி தானாக நின்றது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே தெருவுக்கெல்லாம் உப்பிடுவது
மாநகராட்சி லொறி,
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு,
ஆர் வீடென்று பாராமல்.

அச்சைக் கழற்றியபோது
வெடிப்பு வெளியே வந்தது, முழுசாக,
முழங்கை நீளம், ஓரத்தில் ஒரு கிளை.
ஆறு மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன்.
"ஒண்டும் சொல்லாதை, காயட்டும்" என்றாள்.

அப்போது லொறி ஒன்று சந்தியில் திரும்பியது.
மேசை அதிர்ந்தது. கரண்டி கிண்ணத்தில் கிணுகிணுத்தது.
இரண்டு பேரும் மூச்சுவிடாமல்
மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.