நாற்பது துண்டுகள்

கட்சி அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்தார்கள்:
நாற்பது வெள்ளைத் துண்டு, உள்ளங்கை அகலம்.
ஜிலினா நகரில் நாற்பது சுவரொட்டி.
ஒவ்வொன்றிலும் பியெல்சிக் என்ற பெயருக்கு முன்னால்
அந்த டாக்டர் மட்டும் மறைய வேண்டும்.
குடும்பத்தின்மேல் பசை படக்கூடாது என்றார்கள்.

பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப வாங்கி
மூன்று நாள் ஆகிறது.
ஆய்வேட்டில் அறுபது பக்கம் வேறு யாருடையதோ,
எழுத்துப்பிழை உட்பட.

கல்வி, குடும்பம், நாணயம்
என்று கீழே கொட்டை எழுத்து.
மேலே, பிப்ரவரியிலேயே வீட்டை விட்டுப் போன மனைவி
இன்னும் அவர் தோளில் கைவைத்திருக்கிறாள்.
நடுவில் பல்கம்பி தெரியச் சிரிக்கும் மகள்.

மழை பிடித்துக்கொண்டது.
நனைந்ததும் காகிதம் கண்ணாடியாகிவிடுகிறது;
உள்ளிருந்து மெல்ல எழுந்து வருகிறார் டாக்டர்.
நான் என்ன செய்ய?
அடுத்த சுவருக்கு நகர்ந்தேன்.

பள்ளி நிறுத்தத்தில்
டிராலிபஸ் அவளை இறக்கிவிட்டது.
இப்போது பல்லில் கம்பி இல்லை.
கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.
"என்னையும் மறைச்சிடுங்க."
உத்தரவு இல்லையே, அம்மா.
"கட்டுரை எழுதி வெச்சா
இது யாரோடதுன்னு கேக்குறாங்க,
வகுப்புல எல்லாரும்."

ஒரு முகத்துக்கு மூன்று துண்டு பிடித்தது.
நெற்றிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று,
சிரிப்புக்கு ஒன்று.
நன்றி சொல்லாமல் போனாள்.

ஆகவே சோலின்கி குடியிருப்பின்
கடைசி மூன்று சுவர்களில்
இன்றைக்கும் அவர் டாக்டர்தான்.

கேட்டால்,
காற்று என்பேன்.