இடப்பக்கப் பூட்டு

ஐரீன் டி குரூஸ் பங்களாவை
ஏதோ பள்ளிக்கூடத்துக்கு விற்றுவிட்டார்.
பனி சன்னல்வரை வந்து நின்ற ஏற்காட்டுச் சனிக்கிழமையில்
மிச்சத்தை ஏலம் விட்டார்கள்.

நான் பூட்டு வாங்கப் போனேன்.
மின்வாரியத்தில் கணக்கெடுப்பவனுக்கு
அஸ்தம்பட்டிக் கதவெல்லாம் தெரியும்.
அதில் தொற்றிய பழக்கம்.
வீட்டில் நூற்றுப் பதினான்கு பூட்டு,
முப்பதுக்குத்தான் சாவி.

நாற்பத்தேழாம் பெட்டி:
திரைச்சீலை வளையங்கள், கதவுக் கீல்கள், நசுங்கிய படிக்கம்.
கையை விட்டுத் துழாவினேன்.
அடியில் குளிர்ந்த ஒரு வளைவு
உள்ளங்கைக்கு அளவெடுத்ததுபோல் வந்து உட்கார்ந்தது.

பித்தளைக் குழல்.
எண்ணெய் குடித்துக் கறுத்த மரம்.
சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரை.
பூட்டு
இடப்பக்கம்.

புத்தகப் படங்களில் எல்லாம் வலப்பக்கம்தான்.
இப்படி ஒன்றைத் தேடி
ஆயுசைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் என் இடக்கையை
ஸ்கேலின் விளிம்பால் திருத்தப் பார்த்தார்கள்.
இருநூறு வருடத்துக்கு முன்னால் இவனை
யாரும் திருத்தவில்லை.
காசு கொடுத்து
இரும்பையே தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முகத்தை
மீட்டர் பார்க்கும் முகமாக வைத்துக்கொண்டேன்.
"வளையம் பித்தளைங்களா?" கோயமுத்தூர் வியாபாரி கேட்டார்.
"இரும்புங்க. முலாம்."
என் வாழ்நாளில் இத்தனை சரளமாக
நான் பொய் சொன்னதில்லை.
ஆயிரத்து நூறு ரூபாய்.
ஒரு தரம், ரெண்டு தரம்.

ரசீது போடும் மேசையில் அந்த அம்மா
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
"அட, இந்தப் பொம்மை இன்னும் இருக்கா!
மழைக்காலம் முழுக்க என் பிள்ளைகள் மூன்றும்
இதை வைத்து ஒருத்தரை ஒருத்தர் சுட்டுச் செத்து விழும்.
விசை மட்டும் இறுக்கம்.
எண்ணெய் போடச் சொல்லி அழும்.
அவருக்கு நேரமே இல்லை."

பொம்மை இல்லை என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
ரசீதை மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ் கிளம்பவில்லை.
பைக்குள் கைவிட்டு இடிகோலை உருவினேன்,
சும்மா, நீளம் பார்க்க.
குழலுக்கு வெளியே வைத்து விரலால் குறித்தேன்.
உள்ளே விட்டேன்.
இரண்டு விரற்கடை முன்னமே நின்றது.

மறுபடி விட்டேன்.
நின்றது.

ஈயமும் மருந்தும்
அந்த இரண்டு விரற்கடை இருட்டில்
இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கின்றன,
எவனோ இடக்கைக்காரன்
எவனுக்கோ வைத்தது.

இருபதாம் வளைவு. என் மடிப்பை
பேரிக்காய்க் கூடைக்காரியைப் பார்த்தது.
திருப்பினேன்.
பத்தொன்பது: டிரைவரின் முதுகு.
பதினாறில், முன்சீட்டில் தூங்கிய பையனின் பிடரி.
எந்தப் பக்கம் சாய்த்தாலும்
பஸ் வளைந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது.
கீழே வெள்ளைக்கல் சுரங்க மேடுகளோடு
சேலம் முழுவதும்
குழலுக்கு நேரே வந்து வந்து போனது.
ஒன்பதாம் வளைவில் என் வயிற்றுப் பக்கம் திருப்பி
அப்படியே பிடித்துக்கொண்டேன்.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.

ஸ்டேஷனில் எழுத்தர்
நாட்டுத் துப்பாக்கி, பழுது, ஒன்று
என்று எழுதினார்.
"உள்ளே ஏதாச்சும் இருக்கா?"
சொன்னேன்.
பேனாவை வைத்துவிட்டு
நாற்காலியை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.
கையெழுத்துப் போட்டேன்.
"இடக்கையா நீங்க?"

ராத்திரி அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.
வளையத்தைப் பற்றிய பொய்யிலிருந்து தொடங்கி
இரண்டு விரற்கடையில் முடித்தேன்.
மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு
இருட்டில் விளையாடுகிறவர்களைச்
சாப்பிடக் கூப்பிடுவதுபோல
ஒவ்வொன்றாகச் சொன்னார்:
டெனிஸ்.
மார்லின்.
ரூபி.