வவ்ரேச்கா சாகும் இடம்

ஐஸ் ஹாக்கி அரங்கின் பனிமேல் பலகை விரித்து
எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள்.
செல்லோக்காரி காலில் கம்பளிக் காலுறை,
ஒன்று சிவப்பு, மற்றது வேறு ஏதோ ஜோடியின் மிச்சம்.
ஓபோக்காரர் தன் நாணல் துண்டை
வாயிலேயே வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்,
பால் மறக்காத பிள்ளை போல.

என் வரிசையில் எல்லாரிடமும் அட்டைவாள்.
நரிக்காது மாட்டிய பக்கத்துப் பையன் கேட்டான்:
"நீங்க எந்தக் கட்டம் வரைக்கும் போனீங்க?"
நான் ஆடியதே இல்லை, தம்பி.
கேட்டிருக்கிறேன்.
சுவர் வழியாக, ஒன்பது குளிர்காலம்.

ஓஸ்ட்ராவாவில் எங்கள் அடுக்ககத்தில்
அதைச் சுவர் என்பது ஒரு மரியாதைக்கு.
என் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் வவ்ரேச்கா,
சுரங்கம் மூடியதும் வீட்டோடு நின்றவர்.
எனக்கு விடிகாலை மூன்றரைக்கு ரொட்டி அடுப்பு.
அவருக்கு இரவு முழுக்க ஏதோ ஒரு கோட்டை.

முதலில் நாலு சொட்டு, கிணற்றுக்குள் விழுவது போல.
பிறகு குதிரையோ எதுவோ, ஓடும்.
பிறகு மேலே, இன்னும் மேலே,
மூச்சு வாங்க வாங்க ஏறி
அந்த இடம் வந்ததும்
டொய்ங்.
ஒரு கெட்ட வார்த்தை.
மறுபடி நாலு சொட்டு.

மாவுக்கட்டையால் சுவரை இடிப்பேன்.
ஒருமுறை கத்தியும்விட்டேன்:
"ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்யத் தெரியாதா உமக்கு?"
வேலை போன மனிதனிடம்.
ஒரு வாரம் சத்தமே இல்லை.
ஒரு மார்ச்சில் காலி செய்துகொண்டு போனார்,
மகள் வீட்டுக்கு என்று யாரோ சொன்னார்கள்.

போன மாதம், டிராம் நிறுத்தத்தின் விளம்பரத் திரை
அந்த நாலு சொட்டைச் சிந்தியது.
மூன்று டிராமை விட்டுவிட்டு நின்றேன்.

இங்கே அந்தச் சொட்டு ஹார்ப்பில் விழுகிறது.
குதிரையை ஓட்டுவது வயோலாக்கள்,
வில்லைத் திருப்பி மரத்தால் கம்பியைத் தட்டி.
ஏறுகிறது. ஏறுகிறது.
என் கழுத்து தானாகவே சுருங்கிற்று, டொய்ங்குக்காக.

அப்போது
அரங்கம் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது.
நரிக்காதனின் இரண்டு கட்டைவிரலும்
வெறும் காற்றை அழுத்தின.
முன்வரிசைத் தாடிக்காரர்
அதே கெட்ட வார்த்தையைச் சொன்னார், பாசத்தோடு.

ஆக, எல்லாரும் அங்கேதான் செத்திருக்கிறார்கள்.

"பாலம் இடியும்," பையன் கிசுகிசுத்தான்,
"அரை நொடிதான் கிடைக்கும். எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

இசைக்குழு சாகவில்லை.
பாலத்தைத் தாண்டிப் போயிற்று.
அந்தப் பக்கம் எக்காளம் இருக்கும் என்றிருந்தேன்.
ஒரே ஒரு கிளாரினெட்.
சாப்பாட்டு மேசையைத் துடைப்பது போலச் சின்ன மெட்டு,
ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
ஆட்டத்தில் அதற்கு முடிவே கிடையாதாம்,
பொத்தானை யாராவது அழுத்தும்வரை
அது பாட்டுக்குச் சுற்றுமாம்.
நடத்துநர் அம்மாள்தான் முடித்துவைத்தாள்,
தூங்குகிறவர் இருக்கும் அறையில்
விளக்கணைப்பவளின் கையோடு.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
நான் எழவில்லை.
கால் விறைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு, தலைமாட்டுச் சுவரில் விரலால்
நாலு சொட்டு தட்டினேன்.
இப்போது அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள்,
எந்த ஷிப்டோ பாவம்.
கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து
இரண்டு குத்து, பலமாக.

அதற்கு என்ன அர்த்தம் என்று
எனக்குத் தெரியாதா?
மூன்றரைக்கு அடுப்பு.
திரும்பிப் படுத்தேன்.