உப்பும் குளிர்ந்த நீரும்

ஊர் அவனைப் புழுதி என்றது.
அம்ப்ரோஸ் டில்லார்ட் என்ற பெயர்
சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது,
அதுவும் சம்பளம் வந்த வாரங்களில்.

நான் ஓரா பெல்.
ஹார்லன்ஸ் ஃபெர்ரி பேஸ்பால் அணிக்குப்
பதின்மூன்று சட்டை, பதின்மூன்று கால்சட்டை
ஞாயிறு இரவுதோறும் துவைத்தவள்.
அலபாமாச் செம்மண்ணுக்குச் சவுக்காரம் மட்டும் போதாது.
கொதிக்கவைத்து, கட்டையால் அடித்து,
ஆற்றுநீர் சிவக்கும்வரை அலச வேண்டும்.
எவன் எப்படி ஆடினான் என்று
என்னிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.
மார்பில் மண் என்றால் பாய்ந்திருக்கிறான்.
இடுப்பில் என்றால் சறுக்கியிருக்கிறான்.
பின்புறம் மட்டும் என்றால்
பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான், பாவம்.

புழுதியின் சட்டைக்குத் தனித் தொட்டி.

கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும்:
முப்பத்தேழு, ஆகஸ்ட், கடைசி இன்னிங்ஸ்,
இரண்டு பேர் அவுட், மழை இறங்குகிறது,
மூன்றாம் பேஸிலிருந்து கிளம்பியவன்
பன்னிரண்டடி காற்றில் நீந்தி
ஹோம் பிளேட்டில் குப்புற விழுந்தான்.
மின்னல் அவனுக்குப் பின்னால்தான் வந்ததாம்.
முடிதிருத்தும் கடையில் அது பதினைந்தடி ஆனது.
மொபீல் போகும் ரயிலில் இருபது.
பாதிரியார் ஒருவர்
செங்கடல் பிளந்ததோடு சேர்த்துச் சொன்னார்.

மழையா?
ஆறு வாரமாகத் துளி இல்லை.
அந்த மாதம் என் கொடியில்
துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

அன்றிரவு சட்டையை விரித்துப் பார்த்தேன்.
மார்பில் மண்ணில்லை. முழங்கையில் இல்லை.
இடது கைமடிப்பில் மட்டும்
கட்டைவிரல் அகலத்துக்கு ரத்தம்.
"எங்கே அடி?" என்றேன்.
"எனக்கில்லை."
எதிரணிக் கேட்சர், பத்தொன்பது வயது,
பெயர் லூஷியஸ் என்னவோ.
பந்து அவன் விரலை முறித்துவிட்டுப் பின்னால் ஓடியது.
எடுக்கப் போகாமல் பையன்
அங்கேயே மண்டியிட்டுவிட்டான்.
"நடந்துதான் வந்தேன், ஓரா.
பிளேட்டை மிதித்தேன். பிறகு அவன் கையைப் பிடித்தேன்.
எல்லாரும் கத்தினார்கள். எதற்கென்று புரியவில்லை."

ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, பிடித்துக்கொள்ளும்.
உப்பும் குளிர்ந்த நீரும்.
விடியுமுன் போய்விட்டது.

கதையை அவன் மறுக்கவில்லை.
முதல் வருடம் சிரித்தான். அப்புறம் தலையசைத்தான்.
ஹவானாவில், வெராக்ரூஸில்
அதற்கு ஒரு சாப்பாடு கிடைத்தது, ஒரு கட்டில் கிடைத்தது.
கறுப்பருக்குக் கட்டில் தராத எங்கள் ஊர்களில்
அதையே தலைக்கு வைத்து பஸ்ஸில் படுத்தான்.
பெரிய லீக்கின் கதவு திறந்தபோது
அவனுக்கு நாற்பத்தொன்று,
முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல்.
பருத்திக் கிடங்கில் இரவுக் காவல் கிடைத்தது.
எனக்குப் பதினோரு வாரக் கூலி பாக்கி,
வாரம் நாற்பது சென்ட்.
அடகாக அந்தச் சட்டை.

எழுபத்திரண்டில் அருங்காட்சியகத்திலிருந்து
கார் வருகிறது என்று கடிதம்.
முந்தைய மாலை கைத்தடியோடு வந்தான்.
பெட்டியைத் திறந்தேன்.
நீலம் போட்டு மடித்து வைத்தது,
கண் கூசும் வெள்ளை.
இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.
விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
இவன் விழவேயில்லை,
மண் ஒட்டியாக வேண்டும்.

கொடிக்குக் கீழே, துணி சொட்டிச் சொட்டிக்
குழைந்து கிடக்கும் இடத்தில் ஒரு கை அள்ளினேன்.
ஆயுளில் முதல்முறையாக
ஒரு சட்டைக்கு அழுக்கு வைத்தேன்.
"மார்பில் இன்னும் கொஞ்சம்" என்றான்,
வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு.

இப்போது கண்ணாடிக்குள் தொங்குகிறது.
அந்த மண்ணை யாரும் தொடக் கூடாதாம்.
பள்ளிப் பிள்ளைகள் மூக்கை ஒட்டிப் பார்க்கிறார்கள்.
நான் இடது கைமடிப்பைத் தேடுகிறேன்:
கட்டைவிரல் அகலம்,
மற்ற இடத்தைவிட ஒரு நூல் கூடுதல் வெள்ளை.

லூஷியஸ் என்ன?
அன்றே முழுப் பெயரையும் கேட்டிருக்கலாம்.